கூலி கேளாக் காவலன்

நம் நாட்டிலே வீடு கட்டுவோர் கதவு வைக்க மறப்பதில்லை. கதவு வைத்தோர் தாழ்ப்பாள் இட மறப்பதில்லை. நெற்குதிர் இருந்த காலத்தில் குதிருக்கும், நகைப்பெட்டி இருந்த காலத்தில் பெட்டிக்கும் காவல் தேடியவர் நம் முன்னோர். இக்காலத்திலோ, குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கும், நிலப் பட்டாவின் பிரதியும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், மணநாட் படங்களும் கணிப்பொறி என்னும் ஒரு சிறு பெட்டியினுள்ளே புகுந்துவிட்டன. அப்பெட்டிக்குக் காவல் யாது? அக்காவலுக்குக் கூலி யாது? கூலி கேளாத காவலன் கிடைப்பின் அவனை நம்பலாமோ? இவ்வினாக்கள் மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சார்ந்திருந்தவை. பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001-ல் அதனின்று பிரிந்து, 2002-ல் மீண்டும் அதனோடு சேர்ந்து, 2007-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஒருபுறம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலம். மற்றொருபுறம் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். இத்தகைய பூமியிலே பல வீடுகளுக்கு முதற் கணிப்பொறி வந்து சேர்ந்தது அரசாங்கத்தார் பிள்ளைகளுக்கு வழங்கிய மடிக்கணினியின் உருவிலேயே. அத்திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அந்நாளில் முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா அவர்களால், திருவள்ளூரை அடுத்த காக்களூரிலே தொடங்கிவைக்கப்பட்டது. அரசாங்கத்தின் 2025-26-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையிலும், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. யந்திரமே இலவசமாக வந்த வீட்டில், அதன் காவலுக்கு மட்டும் ஆண்டுதோறும் பணம் செலுத்தச் சொன்னால் எவர் இசைவர்? ஆதலின், நம்மவர் இலவசக் காவலைத் தேடுவது இயல்பேயாம், அதனைக் குறைகூறுதற்கில்லை.

எம் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றோம். வீட்டுக் கணிப்பொறிக்கு இலவசக் காவல் போதும். ஆயினும், இலவசக் காவலர் யாவரும் ஒரு தன்மையர் அல்லர். வீட்டுச் சாவியை ஒருவன் கையிற் கொடுக்குமுன், அவனுக்குச் சோறிடுபவர் யாவர் என்று கேட்டறிதல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்டோர் நன்கு தேர்ந்தெடுப்பர். கேளாதோர் திருடனுக்கு அஞ்சி வேவுகாரனை வீட்டில் வைத்தவர் ஆவர்.

முதலாவது, வைரஸ் என்பது யாதென அறிதல் வேண்டும். அது தானே தோன்றிய கிருமியன்று. மனிதன் எழுதிய கட்டளைத் தொகுதி. உடையவன் அறியாமல் ஒரு கணிப்பொறியினுட் புகுந்து, தன்னைத் தானே பிரதி செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இயல்பினால் அப்பெயர் பெற்றது. அமெரிக்காவில் மாணவராயிருந்த பிரெட் கோஹன் என்பார் 1983-ஆம் ஆண்டில் இத்தகைய தொகுதியொன்றை ஆராய்ச்சிக்காக எழுதிக் காட்டினார்; அவர்தம் ஆசிரியர் லெனார்ட் ஆடில்மன் அதற்கு வைரஸ் என்னும் பெயரைச் சூட்டினார். பின்னர், 1986-ல், லாகூர் நகரத்திலே மருத்துவர்க்குரிய மென்பொருளை விற்றுவந்த பாஸித், அம்ஜத் என்னும் சகோதரர் இருவர், தம் பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி செய்வாரை மடக்கும்பொருட்டு ‘பிரெயின்’ என்னும் வைரஸை இயற்றினர். அதனுள்ளே தம் பெயரையும் கடையின் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும்கூட எழுதிவைத்தனர். ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளைப் பற்றிய முதல் வைரஸ் அதுவே என்பர். அது கடல் கடந்து பல தேசங்களிற் பரவி, அயல்நாட்டார் பலர் லாகூருக்குத் தொலைபேசியில் முறையிடும்படி ஆயிற்று. திருட்டுப் பிரதியும் வைரஸும் பிறவியிலேயே உறவினர் என்பதை இவ்வரலாற்றால் உணரலாம்.

அக்காலத்து வைரஸ் எழுதுவோரிற் பலர் விளையாட்டுப் பிள்ளைகள், இக்காலத்தவரோ வியாபாரிகள். 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் ‘வானாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிவைத்து, மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. நம் நாட்டில் ஆந்திரப் பிரதேசத்துப் போலீஸ் நிலையங்கள் சிலவற்றின் கணிப்பொறிகளும் அகப்பட்டன. இதில் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. அத்தீநிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தனர். இரண்டு மாத அவகாசம் இருந்தும், திருத்தத்தை ஏற்றுக்கொள்ளாத கணிப்பொறிகளே பெரும்பாலும் வீழ்ந்தன.

இவையெல்லாம் தூர தேசத்துச் செய்திகள் என்று எண்ணற்க. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலகக் கணிப்பொறியொன்றில் தீநிரல் புகுந்திருந்தது என்பதை அணுமின் கழகத்தாரே ஒப்புக்கொண்டனர். உலையை இயக்கும் கணிப்பொறிகள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தமையால் அவற்றிற்குத் தீங்கு நேரவில்லை. 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், சென்னைத் தலைமைச் செயலகத்துப் பொதுத்துறையின் கணிப்பொறிகள் மீட்புப் பணம் கேட்கும் தீநிரலுக்கு இரையாயின. 2022-ஆம் ஆண்டு நவம்பரில், டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் பல நாள் காகிதத்திலும் பேனாவிலும் நோயாளர் பதிவை நடத்த நேர்ந்தது.

‘அங்கெல்லாம் திருடப் பொருளுண்டு, எம் குடிசையில் யாது உண்டு?’ என்று வினவுவோர் உளர். அவர்க்கு விடை எளிது. இத்திருடன் வீடு பார்த்து வருவதில்லை. திறந்த கதவு பார்த்தே வருகின்றான். மூன்று ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு பூட்டப்பட்டுவிடின், அஃது அம்மாணவனுக்கு டில்லி மருத்துவமனையின் இழப்பைவிடச் சிறியதன்று. வெங்காயம் விற்ற பணம் வங்கியில் வந்து விழும் நாளிலே, அக்கணக்கின் இரகசியச் சொல் களவு போயின் அடுத்த விதைப்பு நின்றுவிடும். அன்றியும், நம் கணிப்பொறியில் எடுத்தற்குரியது ஒன்றுமே இல்லையெனினும், அதனையே அடிமையாக்கிக்கொண்டு பிறர் கணிப்பொறிகளைத் தாக்குவோர் பலர். அண்டை வீட்டுக்குத் தீவைக்க நம் வீட்டு அடுப்பிலிருந்து கொள்ளி எடுப்பானாயின், நமக்குப் பொறுப்பில்லை என்று கூறலாமோ?

இனி, நம்மூர்களில் இத்தீங்கு நுழையும் வாயில்களைக் காண்போம். அவற்றுள் முதலாவது பென்டிரைவ். விண்ணப்பமோ செய்முறைக் குறிப்போ அச்சிட வேண்டுமாயின், மாணவன் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குச் செல்கின்றான். அக்கடையின் கணிப்பொறியில் ஒரு நாளில் எத்தனை பென்டிரைவுகள் ஏறி இறங்குகின்றன! திரும்பி வந்து பார்க்கையில், கோப்புகள் யாவும் மறைந்து, அவற்றின் பெயரால் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் நிற்கக் கண்டு திகைத்தோர் பலர். சின்ன வெங்காயத்தைப் பட்டறையிலிட்டுக் காக்கும் நம் உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அழுகிய காய் ஒன்று உள்ளே சென்றால், அடுத்ததும் அதற்கு அடுத்ததும் கெட்டு, பட்டறை முழுதும் பாழாம் என்பதை அவர் அறிவர். ஆதலாற்றான் உள்ளே இடுமுன் ஒவ்வொன்றையும் ஆய்ந்து எடுக்கின்றனர். பென்டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரல் தானே ஓடும் வழக்கத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2011-ஆம் ஆண்டில் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தினர். ஆயினும், சின்னத்தைத் தன் கையாலேயே அழுத்தித் திறப்பவனை எவர் தடுப்பர்?

இரண்டாவது வாயில் திருட்டு மென்பொருள். விலையுயர்ந்த படத் தொகுப்பு நிரலையும், விளையாட்டையும், விண்டோஸையே கூடவும் பூட்டுடைத்த பிரதியாகப் பெறுவது நம்மிடையே ஒரு குற்றமாகவே கருதப்படுவதில்லை. அப்பிரதியோடு வரும் குறிப்பில், ‘இதனை நிறுவுமுன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிடுக’ என்னும் உபதேசம் காணப்படும். காவற்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வை என்று வழிப்போக்கன் ஒருவன் கூறுவானாயின் அவனை நம்புவோமோ? கணிப்பொறி என்றவுடன் அவ்வுபதேசத்தை மறுபேச்சின்றி ஏற்கின்றோம். இவ்விஷயத்தில் நகைப்பிற்கிடமான இன்னுமொரு வழக்கமும் உண்டு; வைரஸ் தடுப்பு மென்பொருளையே பூட்டுடைத்த பிரதியாகத் தேடுவோர் உளர். காவற்காரனையே களவாடிக் கொணர்ந்து காவல் வைக்கும் இச்செயலுக்கு உவமை எமக்குத் தோன்றவில்லை.

நிற்க. காவல் மென்பொருள் செய்யும் வேலை யாது? அது மூன்று வகையால் வேலை செய்கின்றது. அறிந்த தீநிரல்களின் அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிடுதல் ஒன்று. பட்டியலில் இல்லாத புதிய நிரலாயின், அதன் நடத்தையை உற்று நோக்கி, கணக்கற்ற கோப்புகளை மளமளவென்று பூட்டத் தொடங்கினால் அதனைத் தடுத்து நிறுத்துதல் மற்றொன்று. ஐயத்திற்கிடமான கோப்பின் செய்தியை இணையத்தின் வழியாகத் தன் தலைமை நிலையத்துக்கு அனுப்பி, ஆங்குள்ள பெரிய கணிப்பொறிகளின் தீர்ப்பைக் கேட்டல் மூன்றாவது. இம்மூன்றையும் செய்ய வேண்டுமாயின், அது நம் கோப்புகள் யாவற்றையும் திறந்து பார்த்தல் வேண்டும். நாம் செல்லும் இணையத் தளங்கள் யாவற்றையும் அறிதல் வேண்டும். கணிப்பொறியின் அடிவேர் வரை செல்லும் அதிகாரம் பெற்றிருத்தல் வேண்டும். சுருங்கக் கூறின், வீட்டில் எவர்க்கும் கொடாத சாவியை அதற்குக் கொடுக்கின்றோம்.

அச்சாவியின் வலிமையை உலகம் 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் கண்கூடாகக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் கம்பெனியார் பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் காவல் மென்பொருளுக்கு அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றிற் பிழை நேர்ந்தது. அதனால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் எழமாட்டாமல் வீழ்ந்தன. விமானங்கள் நின்றன; நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அங்கே வைரஸ் எதுவும் இல்லை, பகைவரும் இல்லை. காவலன் கால் இடறினான். வீடு முழுதும் இடிந்தது. விலைகொடுத்து அமர்த்திய காவலன் நிலையே இதுவாயின், காவலனைத் தேர்ந்தெடுப்பதில் எத்துணைக் கருத்து வேண்டும்!

இனி, முன்னர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். கூலி கேளாக் காவலனுக்குச் சோறிடுபவர் யாவர்? ஆராயின், நால்வகையினர் எனலாம். தம் இலவசப் பொருளை மாதிரியாகக் கொடுத்து, விலையுள்ள உயர்தரப் பொருளை வாங்குமாறு ஓயாது வேண்டும் வியாபாரிகள் ஒரு வகையினர். இவர்தம் நச்சரிப்பே நாம் கொடுக்கும் கூலி. நம்மைப் பற்றிய செய்தியைச் சேர்த்துப் பிறர்க்கு விற்றுப் பிழைப்போர் இரண்டாம் வகையினர். விண்டோஸை விற்கும் கம்பெனியார் அவ்விண்டோஸின் நற்பெயரைக் காக்கும்பொருட்டுத் தாமே காவலும் அமைத்துக் கொடுத்தல் மூன்றாம் வகை. மூல நிரலை யாவரும் காணத் திறந்துவைத்து, பொதுநலங் கருதி உழைப்போரும், குடிகளின் நலங் கருதிக் கருவிகளை வெளியிடும் அரசாங்கத்தாரும் நான்காம் வகையினர்.

இரண்டாம் வகை வெறுங் கற்பனையன்று. செக் நாட்டிலே பிராக் நகரத்திற் பிறந்த அவாஸ்ட் என்னும் மென்பொருள் இலவசக் காவலருள் பெயர்பெற்றது. நம் நாட்டு வீடுகளிலும் பல்லாண்டு பழகியது. வைரஸைப் பிடிப்பதில் அது திறமையுடையதே, அதில் ஐயமில்லை. ஆயினும், அக்கம்பெனியார் தம்மை நம்பினோர் எந்தெந்த இணையத் தளங்களைக் கண்டனர் என்னும் செய்தியைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்னும் தம் கிளைக் கம்பெனியின் வாயிலாகப் பிறர்க்கு விற்றனர் என்பதை 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகைகள் இரண்டு வெளிப்படுத்தின. அம்மாத முடிவிலேயே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. அமெரிக்க வர்த்தக ஆணையத்தார் விசாரித்து, அச்செய்தி நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது என்று குற்றஞ்சாட்டி, 2024-ஆம் ஆண்டில் ஒரு கோடியே அறுபத்தைந்து இலட்சம் டாலர் செலுத்துமாறும், இனி இணையப் பார்வைச் செய்தியை விளம்பரத்திற்காக விற்றலாகாது என்றும் அக்கம்பெனிக்குக் கட்டளை பிறப்பித்தனர். பிறர் வேவு பார்க்காதபடி காப்போம் என்று விளம்பரஞ் செய்தவரே வேவு பார்த்தனர் என்பதே ஆணையத்தாரின் முறையீடு. வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் உண்டோ?

ஒருவர் நோய்பற்றிய பக்கத்தைப் படிக்கின்றார்; ஒருவர் கடன்பற்றித் தேடுகின்றார்; ஒருவர் வேறு வேலை தேடுகின்றார். இவற்றைத் தம் வீட்டாரிடத்தும் கூறாதவர், காவலன் காண்பதைப்பற்றிக் கருதுவதேயில்லை. ரூபாயைக் கேட்டிருந்தால் ‘வேண்டா’ என்று கூறியிருப்பார். கேளாமல் எடுத்தமையால் அறியாதிருந்தார். இலவசம் என்னும் சொல்லின் ஆபத்து இதுவே.

இவ்விடத்தில் மற்றொன்றும் அறியத்தக்கது. அவாஸ்ட் பிடிக்கவில்லையெனில் ஏவிஜி, அதுவும் பிடிக்கவில்லையெனில் அவிரா என்று மாற்றுவோர் பலர். ஏவிஜி கம்பெனியை 2016-ஆம் ஆண்டிலேயே அவாஸ்ட் வாங்கிவிட்டது. ஜெர்மனி தேசத்து அவிராவை நார்ட்டன் கம்பெனியார் 2021-ல் வாங்கினர். 2022-ஆம் ஆண்டில் நார்ட்டனும் அவாஸ்டும் ஒன்றுகூடி ஜென் டிஜிட்டல் என்னும் ஒரே கம்பெனியாயின. பலகைகள் நான்கு, கடை ஒன்று. பெயரை மாற்றுவது எசமானனை மாற்றுவது ஆகாது.

ஆயின் யாதினைத் தேர்ந்தெடுப்பது? விண்டோஸ் 10 அல்லது 11 உடையோர்க்கு எம் விடை ஐயத்திற்கிடமின்றி ஒன்றே: விண்டோஸோடு வரும் மைக்ரோஸாப்ட் டிபெண்டரே போதுமானது. அது 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் உள்ளமைந்த காவலாய் இருக்கின்றது. தனியே இறக்கி நிறுவ வேண்டுவதில்லை. முன்னாளில் அதன் திறமை குறைவு என்பர், அது மெய்யே. ஜெர்மனியிலுள்ள ஏவி-டெஸ்ட் என்னும் சோதனைச் சாலையார் அதனைக் குறைவாக மதித்த காலம் உண்டு. ஆனால் 2019-ஆம் ஆண்டில் அதே சாலையார் காவல், விரைவு, உபயோகம் என்னும் மூன்று பகுதிகளிலும் 18-க்கு 18 மதிப்பெண் வழங்கினர். பழைய குறையை இன்றுங் கூறித் திரிவோர், அறிவிலி என்று பெயரெடுத்த மாணவன் முதல் வகுப்பிற் தேறிய பின்னரும் அவனை இகழ்வாரை ஒப்பர்.

‘மைக்ரோஸாப்டும் செய்தி திரட்டுவதுண்டன்றோ?’ எனின், உண்டு. ஐயத்திற்குரிய கோப்புகளின் மாதிரியை அதுவும் தன் நிலையத்துக்கு அனுப்பும். அதனைக் கட்டுப்படுத்தும் வழி அமைப்புகளில் உண்டு. ஆயினும், விண்டோஸை உபயோகிப்போர் அக்கம்பெனியாரிடம் சாவியை ஏற்கெனவே கொடுத்துவிட்டனர். டிபெண்டரை ஏற்பதனால் புதிதாக ஓர் எசமானன் சேர்வதில்லை. வேறொன்றை நிறுவுவதனாலோ இரண்டாவது ஒருவன் சேர்கின்றான். சாவி வைத்திருப்போர் தொகை குறைதலே வீட்டுக்கு நலம்.

இதிற் கவனிக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. குறித்த கோப்புறைகளுக்குள் அறிமுகமற்ற நிரல்கள் கைவைக்காதபடி தடுக்கும் ஏற்பாடு டிபெண்டரில் 2017 முதல் இருக்கின்றது. ஆனால் அது தானே இயங்காது. நாமே முடுக்கிவிடல் வேண்டும். ஆய்வேடும் குடும்பப் படங்களும் உள்ள கோப்புறையை அதன் கீழ்க் கொண்டுவருதல் சாலச் சிறந்தது.

பழைய மடிக்கணினி உடையோர் நிலை வேறு. விண்டோஸ் 10-க்குரிய இலவசத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தன. விண்ணப்பித்துக்கொள்ளும் வீட்டு உபயோகத்தார்க்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. டிபெண்டரின் அடையாளப் பட்டியலை மட்டும் 2028 வரை புதுப்பிப்பதாகவும் கம்பெனியார் கூறினர். ஆனால் ஓட்டை விழுந்த மதிலின்மேல் எத்துணைக் காவலரை நிறுத்தினும் பயன் சிறிதே. வானாகிரையின் வரலாறு கற்பிக்கும் பாடம் அது. தொடக்க ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளோ விண்டோஸ் 11-க்கு வேண்டிய உறுப்புகள் இல்லாதவை. அவற்றை எறிந்துவிட வேண்டுமோ? வேண்டா. அம்மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் இயக்குதளமும் சேர்த்து வழங்கப்பட்டதைப் பலர் மறந்தே போயினர். சீ-டாக் என்னும் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தார் சென்னையில் உருவாக்கிய அது, விலையில்லாதது, தமிழிலும் பழகத்தக்கது. அதன் புதிய பதிப்பையோ, வேறு இலகுவான லினக்ஸையோ நிறுவிக்கொண்டால், பழைய யந்திரம் எழுதவும் படிக்கவும் இன்னும் சில ஆண்டு உதவும். வீட்டைத் தாக்கும் தீநிரல்களிற் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. ஆதலின் ஆங்கு ஆபத்துக் குறைவு. பென்டிரைவைச் சோதிக்க வேண்டின், திறந்த மூல நிரலாகிய கிளாம்-ஏவி கிடைக்கும்.

இந்திய அரசாங்கத்தாரும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 2004-ல் தொடங்கப்பட்ட செர்ட்-இன் என்னும் கணிப்பொறி அவசர உதவிக் குழுவினர், 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் என்னும் தூய்மை நிலையத்தை நிறுவினர். பிறர்க்கு அடிமையான கணிப்பொறிகளைத் துப்புரவு செய்யும் கருவிகளை இந்நிலையத்தார் இந்தியக் கம்பெனிகளின் துணையோடு இலவசமாக வெளியிட்டனர். பென்டிரைவைக் கட்டுப்படுத்தும் ‘யுஎஸ்பி பிரதிரோத்’ என்னும் சீ-டாக் கருவியும் அவற்றுள் ஒன்று. துணைநின்ற கம்பெனிகளில் ஒன்றாகிய கே7, நம் சென்னையிலே 1991-ஆம் ஆண்டில் கேசவர்தனன் அவர்கள் தொடங்கியது என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தருவதாகும். உலகம் வைரஸுக்கு மருந்து தேடத் தொடங்கிய அக்காலத்திலேயே, அம்மருந்தைத் தமிழ்நாட்டிலும் செய்யலாம் என்று காட்டியது அது.

‘விலைகொடுத்து வாங்குவது இதனினும் மேலன்றோ?’ என்பார்க்கு ஒன்று கூறுவோம். கடையின் கணக்கையோ பள்ளியின் பதிவேடுகளையோ காப்போர்க்கும், பல கணிப்பொறிகளை ஒருங்கே கவனிக்க வேண்டியோர்க்கும், பிழை நேர்ந்தால் தொலைபேசியில் விடை கூறும் ஆள் வேண்டுவோர்க்கும் விலையுள்ள காவல் பொருந்தும். ஒரு வீட்டுக் கணிப்பொறிக்கு அப்பணத்தைச் செலவிடுவதினும், அதனைக்கொண்டு தனி வட்டு ஒன்று வாங்கிக் கோப்புகளின் பிரதியை அதில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. இனி, காவல் இரண்டிருந்தால் இருமடங்கு காப்பு என்று எண்ணி இரண்டு மென்பொருள்களை ஒருங்கே நிறுவுவாரும் உளர். அவை ஒன்றையொன்று திருடனென்று பிடித்துக்கொண்டு போராடும். இடையிலே கணிப்பொறி மாட்டுவண்டியாய் நகரும். ஒன்றே போதும், அஃது ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுக.

இவ்வளவு கூறியும், வேறோர் இலவசக் காவலே வேண்டும் என்பார் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்க. இதனை இயற்றியோர் எவ்வழியாற் பொருளீட்டுகின்றனர்? நம் செய்தியைப் பிறர்க்குக் கொடுப்பதுபற்றி உடன்படிக்கையில் யாது கூறியிருக்கின்றனர்? ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைச் சாலையார் இதனை எவ்வாறு மதித்தனர்? இதனை நீக்க வேண்டின் முற்றும் நீங்குமோ? இவற்றிற்கு விடை தெளிந்தபின், அதனை இயற்றியோரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்க. ‘உம் கணிப்பொறியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே இங்கே அழுத்துக’ என்று திரையில் திடீரெனத் தோன்றும் பலகையை ஒருபோதும் நம்பற்க. காவலன் வேடந்தரித்து வரும் திருடன் அவனே.

ஈற்றிலே, எந்தக் காவலனும் செய்யமாட்டாத வேலை ஒன்றுண்டு. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி இரகசிய எண்ணைக் கேட்பானுக்கு, நாமே வாய்திறந்து கூறிவிட்டால், உலகத்திலுள்ள காவல் மென்பொருள்கள் யாவும் கூடினும் தடுத்தல் அரிது. அவ்வாறு பணம் இழக்க நேர்ந்தால், நாணித் தயங்காது உடனே 1930 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். விரைந்து அறிவிப்போர் பணம் இடைவழியில் நிறுத்தப்படுதல் கூடும். பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை அடுத்து நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். அதனைக் கட்டினோர் ஒரு மதிலை மட்டும் நம்பவில்லை. அகழி ஒன்று, அதற்குள்ளே மதில், அம்மதிலுக்கும் உள்ளே மேல் மதில் என்று ஒன்றன்பின் ஒன்றாய் அமைத்தனர். நம் கணிப்பொறிக்கும் அவ்வாறே: தவறாத திருத்தம் அகழி, காவல் மென்பொருள் மதில், தனியே வைத்த பிரதி உட்கோட்டை. இவை மூன்றையுங் கடந்து வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் உள்ளிருப்போர் அறிவையே பொறுத்தது.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உம் வீட்டுக் கணிப்பொறியின் முன் அரைமணி நேரம் அமர்வீராக. திருத்தங்கள் ஏறியுள்ளனவா என்று காண்க. பூட்டுடைத்த பிரதிகளை நீக்குக. ஒன்றோடொன்று போராடும் காவலர் இருவர் இருப்பின் ஒருவரை அனுப்பிவிடுக. அருமையான கோப்புகளைத் தனி வட்டிற் பிரதி செய்து பீரோவில் வைக்க. பிறகு, வீட்டிலுள்ள பெரியோர்க்கு இரகசிய எண் என்பது யாது, அதனை ஏன் எவர்க்கும் கூறலாகாது என்பதைப் பொறுமையோடு விளக்குக. இவ்வரைமணி நேர வேலைக்கு ஒரு காசும் செலவில்லை. கூலி கேளாக் காவலருள், வேறு எவர் சோற்றையும் உண்ணாதவன் அவ்வீட்டுப் பிள்ளையே. கற்றவன் ஒருவன் வீட்டில் உளன் என்னும் பெருமை, அவன் பெற்ற பட்டத்தால் மட்டும் விளங்குவதன்று; அவனால் அவ்வீடு அடையும் காப்பினாலும் விளங்குவதாகுக!